28 கிகாஹேட்ஸ் ரிசீவருக்கு ஒரு விஜிஏ: வீட்டிலிருந்து தொடங்குவோருக்கான வழிகாட்டி

பொறியியல் பீடத்தில் இலத்திரனியல் படித்துக்கொண்டோ முடித்துவிட்டோ, உப்புவெளியிலோ உவர்மலையிலோ ஒரு லப்டொப்போடு இருந்துகொண்டு, மில்லிமீற்றர் அலை ரிசீவர் சுற்று ஒன்றை உண்மையாகவே செய்து பார்க்க நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். திருகோணமலை வளாகத்தில் பொறியியல் பீடம் இல்லை. பேராதனை, மொறட்டுவை, கிளிநொச்சி, ஒலுவில் என்று எங்கே படித்தாலும், ஊருக்கு பஸ் ஏறியதும் ஆய்வுகூடமும் மென்பொருள் லைசென்சும் அங்கேயே நின்றுவிடும். நான் இதைத் தொடங்கியபோது எந்த வரிசையில் என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லை. வரிசை தெரியாததால் போன நேரம்தான் அதிகம்.

விஜிஏ என்பது நயத்தை, அதாவது கெயினை, வெளியிலிருந்து கூட்டிக் குறைக்கக்கூடிய விரியலாக்கி. நயத்தை மாற்றுவது சுலபம். அதை மாற்றும்போது கட்டமும் (அலையின் கோண நிலை), உள்ளீட்டுப் பொருத்தமும், நேர்த்தன்மையும் (சிக்னல் பலமானாலும் உருக்குலையாமை) கூடவே ஆடாமல் பிடித்து வைப்பதில்தான் வேலை இருக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் சுற்றித்தான் போகின்றன.

1. கணினியைத் திறக்க முன் ஒரு பக்கம் கணக்கு

முதலில் ஒரு கொப்பியில் மூன்று எண்களை எழுதுங்கள்: வரும் சிக்னல் எவ்வளவு பலவீனமாக இருக்கலாம், எவ்வளவு பலமாக இருக்கலாம், இரைச்சல் தளம் எங்கே.

28 கிகாஹேட்ஸில், வெற்று வெளியில், 1 மீற்றர் தூரத்துக்கு இழப்பு சுமார் 61 டெசிபல். 100 மீற்றருக்கு 101. தூரத்தால் மட்டுமே 40 டெசிபல் வித்தியாசம் வந்துவிட்டது. நடுவில் ஒரு மனிதர் நின்றால் இன்னொரு பெரிய துண்டு போகும். வடகீழ்ப் பருவமழையையும் மறக்க வேண்டாம்: மணிக்கு 50 மில்லிமீற்றர் வீதம் கொட்டும் மழையில், இந்த மீடிறனில் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 8 டெசிபல் இழக்கிறோம். ஆக, ரிசீவர் முழுவதற்கும் 60 டெசிபல் அளவுக்கு நயம் மாறத் தெரிந்திருக்க வேண்டும்.

இரைச்சல் தளம் சுலபம். ஒரு ஹேட்ஸுக்கு -174 டிபிஎம் (1 மில்லிவாற்றோடு ஒப்பிட்ட டெசிபல்). 400 மெகாஹேட்ஸ் அகலத்துக்கு 86 டெசிபல் கூட்டினால் -88. ரிசீவரின் இரைச்சல் எண், அதாவது அது தானாகச் சேர்க்கும் இரைச்சலின் அளவு, 6 டெசிபல் என்றால் -82 டிபிஎம்.

இனி, அந்த 60 டெசிபலையும் 28 கிகாஹேட்ஸ் பகுதியிலேயே எடுக்கப் பார்க்காதீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் முதல் இடம் இது. முன்பக்கத்து விஜிஏக்கு 15 முதல் 20 டெசிபல் போதும். மிச்சத்தை, மீடிறனை இறக்கும் மிக்சருக்குப் பின்னால், மீடிறன் குறைந்த இடத்தில், குறைந்த மின்சாரத்தில் எடுக்கலாம். முன்பக்கத்தில் அது எதற்கு என்றால், கட்ட அணி அன்ரெனாவில் (பல சிறு அன்ரெனாக்களின் கட்டத்தை மாற்றிக் கற்றையைத் திருப்புவது) ஒவ்வொரு கிளையின் வீச்சையும் சமப்படுத்தவும், பலமான சிக்னல் வரும்போது மிக்சரைக் காப்பாற்றவும்தான்.

விஜிஏக்கு முன்னால் எல்என்ஏ, அதாவது குறை இரைச்சல் விரியலாக்கி, எவ்வளவு நயம் தருகிறது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். எல்என்ஏயின் இரைச்சல் எண் 4 டெசிபல், விஜிஏயினுடையது 12 என்று வைப்போம். எல்என்ஏ 20 டெசிபல் நயம் தந்தால் இரண்டும் சேர்ந்து சுமார் 4.25. அதே எல்என்ஏ 10 டெசிபல்தான் தந்தால் 6.0. முன்னால் நயம் போதுமானதாக இருந்தால் விஜிஏயின் இரைச்சலுக்காகத் தலையை உடைக்கத் தேவையில்லை. நேர்த்தன்மைக்குப் பாடுபடுங்கள்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு விபரத்தாள் வரும். முதல் முயற்சிக்கு நான் சொல்வது: 27 முதல் 29 கிகாஹேட்ஸ், உச்ச நயம் 15 டெசிபல், மாறும் எல்லை 20 டெசிபல், படி 1 டெசிபல், எல்லா நிலைகளிலும் உள்ளீட்டு வெளியீட்டுத் தெறிப்பு (பொருந்தாமல் திரும்பி வரும் சிக்னல்) -10 டெசிபலுக்குக் கீழே, எல்லை முழுவதும் கட்ட மாற்றம் 5 பாகைக்குள். கடைசி இரண்டையும் எழுதாமல் தொடங்கினால், கடைசியில் சுற்றைத் திரும்பவும் முதலிலிருந்து வரைய வேண்டி வரும்.

2. ஆவணங்கள்: எதில் கையெழுத்து, எதில் தேவையில்லை

சிப் தயாரிப்பு நிறுவனத்தின் திரான்சிற்றர் மாதிரிகளும் லேஅவுட் விதிகளும் அடங்கிய தொகுப்பைப் பிடிகே என்பார்கள். வணிக நிறுவனங்களின் பிடிகே வேண்டுமென்றால் இரகசியக் காப்பு உடன்படிக்கை வேண்டும். அதில் கையெழுத்து வைக்க வேண்டியது பல்கலைக்கழகமோ நிறுவனமோ. தனியாள் கையெழுத்துச் செல்லாது. கடிதம் திணைக்களத்திலிருந்து பீடாதிபதிக்கும் அங்கிருந்து பதிவாளருக்கும் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். இடையில் ஒருவர் லீவில் நின்றால் அது மாதக்கணக்கு. அப்படிக் கிடைத்தாலும் அந்தக் கோப்புகளை வீட்டு லப்டொப்பில் வைக்க அனுமதி இருக்காது.

ஆகவே திறந்த பிடிகேதான் வழி. ஜேர்மனியின் பிராங்பேர்ட் ஆன் டெர் ஓடரில் உள்ள ஐஎச்பி ஆய்வு நிறுவனம் தன் எஸ்ஜி13ஜி2 எனும் 130 நானோமீற்றர் சிலிக்கன்-ஜேர்மேனியம் தொழில்நுட்பத்தின் பிடிகேயை அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. கையெழுத்தும் வேண்டாம், கட்டணமும் இல்லை. அதிலுள்ள இருமுனைவுத் திரான்சிற்றரின் கடவு மீடிறன், அதாவது மின்னோட்டத்தைப் பெருக்கும் திறன் தீரும் மீடிறன், 300 கிகாஹேட்ஸுக்கு மேல். 28 கிகாஹேட்ஸ் வேலைக்குத் தாராளம்.

இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள் ஸ்கைவோட்டர் 130 நானோமீற்றர் சிமொஸையும், எஃபேப்லெஸ் வழியான இலவச சிப் வாய்ப்பையும் சொல்லும். அந்த சிமொஸ் இந்த மீடிறனில் திணறும். எஃபேப்லெஸ் நிறுவனமோ 2025இல் மூடப்பட்டுவிட்டது. பாடத்தின் திகதியைப் பார்த்துவிட்டு வாசியுங்கள்.

கணினியில் சிமுலேட் செய்ய எந்த அனுமதியும் தேவையில்லை. வானலையில் எதையாவது அனுப்பப் போகிறீர்கள், அல்லது ரேடியோச் சாதனம் இறக்குமதி செய்யப் போகிறீர்கள் என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலில் எழுதிக் கேளுங்கள். பொதி சுங்கத்துக்கு வந்த பிறகு கேட்டால், கொழும்புக்கு அலையும் செலவு பொருளின் விலையைத் தாண்டும்.

3. கணினி, மின்சாரம், டேட்டா

16 ஜிபி ரம் உள்ள லப்டொப் போதும். 8 ஜிபியில் சுற்றுச் சிமுலேஷன் ஓடும். மின்காந்தச் சிமுலேஷன் வரும்போது மூச்சு வாங்கும்.

மென்பொருள் எல்லாம் இலவசம். சுற்று வரைய எக்ஸ்கீம், சிமுலேட் செய்ய என்ஜிஸ்பைஸ், லேஅவுட்டுக்கு கேலேஅவுட், மின்காந்தத்துக்கு ஓபன்இஎம்எஸ். ஒவ்வொன்றாக நிறுவப் போகாதீர்கள். ஒன்றின் பதிப்பு மற்றதோடு ஒத்துவராமல் ஒரு கிழமை போய்விடும். ஒஸ்ரியாவின் லின்ஸ் நகரத்து ஜொகான்னஸ் கெப்லர் பல்கலைக்கழகக் குழு, இவை அனைத்தையும் பிடிகேயோடு சேர்த்து ஒரே டொக்கர் பொதியாகத் தருகிறது. ஐஐசி-ஒசிக்-டூல்ஸ் என்று தேடினால் வரும். பல ஜிகாபைட் அளவு. பகல் டேட்டாவைக் கொட்டாமல் இரவு நேர டேட்டா உள்ள பெக்கேஜில் இறக்குங்கள். டிஸ்க்கில் 40 ஜிபியாவது காலியாக வைத்திருங்கள்.

மின்காந்தச் சிமுலேஷன் ஒன்று இரவு முழுவதும் ஓடலாம். நடுச்சாமத்தில் கரண்ட் போய், பழைய பற்றரியும் கைவிட்டால் அவ்வளவும் வீண். செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருந்தால் புதிய லப்டொப்புக்கு முன் நல்ல பற்றரிக்கோ யுபிஎஸ்ஸுக்கோ கொடுங்கள். இன்னொன்று: சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே லப்டொப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீண்ட ஓட்டங்களை இரவுக்கு வையுங்கள்.

4. எந்தச் சுற்று

இங்கேதான் நேரம் எடுத்து யோசிக்க வேண்டும். நயத்தை மாற்ற மூன்று பொதுவான வழிகள் உண்டு.

திரான்சிற்றரின் பயஸ் மின்னோட்டத்தை, அதாவது சிக்னல் இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டத்தை, குறைப்பது முதல் வழி. எல்லோர் கையும் முதலில் போவது இதற்குத்தான். வேண்டாம். மின்னோட்டம் மாறினால் உள்ளீட்டு இம்பீடன்ஸ் மாறும், கட்டம் ஓடும். பலமான சிக்னல் வரும் நேரம் பார்த்து மின்னோட்டத்தைக் குறைப்பதால் நேர்த்தன்மை வேறு கெடும்.

இரண்டாவது, முன்னாலோ நடுவிலோ தடையிகளும் ஆளிகளும் கொண்ட தணிப்பி வைப்பது. நேர்த்தன்மைக்கு நல்லது. ஆனால் எல்என்ஏக்கு முன்னால் வைத்தால் எத்தனை டெசிபல் தணிக்கிறதோ அத்தனை டெசிபல் இரைச்சல் எண்ணில் ஏறும்.

மூன்றாவது, மின்னோட்டத் திருப்பல். தொடங்குபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். கீழே ஒரு பொது எமிற்றர் திரான்சிற்றர். அதன் மின்னோட்டம் மாறுவதே இல்லை. அதற்கு மேலே இரண்டு பொது பேஸ் திரான்சிற்றர்கள். ஒன்று வெளியீட்டுக்கு, மற்றது நேரே மின் வழங்கலுக்கு. நிலாவெளி வெங்காயத் தோட்டத்தில் வாய்க்காலை வெட்டித் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து மற்றதற்குத் திருப்புவது போல, சிக்னல் மின்னோட்டத்தில் எவ்வளவு வெளியீட்டுக்குப் போகிறது, எவ்வளவு வீணாகிறது என்பதை மேலிரண்டின் பேஸ் மின்னழுத்த வித்தியாசம் தீர்மானிக்கும். கீழ்த் திரான்சிற்றரின் பயஸ் அசையாததால் உள்ளீட்டுப் பொருத்தம் ஏறத்தாழ நிலையாக நிற்கும்.

இதன் கணிதத்தைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வெளியீட்டுக்குப் போகும் பங்கு, 1ஐ (1 + e^x)ஆல் வகுத்தது. x என்பது பேஸ் அழுத்த வித்தியாசத்தை வெப்ப அழுத்தத்தால் வகுத்தது. 27 பாகை செல்சியஸில் வெப்ப அழுத்தம் சுமார் 26 மில்லிவோல்ற்று. முழுப் பங்கிலிருந்து பத்திலொரு பங்குக்கு, அதாவது 20 டெசிபல் கீழே இறங்க, கட்டுப்பாட்டு அழுத்தம் (அந்தப் பேஸ் வித்தியாசம்) சுமார் -120இலிருந்து +57 வரை, மொத்தமாக 180 மில்லிவோல்ற்றுக்குள்தான் நகர்கிறது. ஆழமான தணிப்பில் 3 மில்லிவோல்ற்றுக்கு 1 டெசிபல். கட்டுப்பாட்டுக் கம்பியில் 1 மில்லிவோல்ற்று இரைச்சல் ஏறினால் நயம் மூன்றிலொரு டெசிபல் ஆடும். அந்தக் கம்பிக்குப் பக்கத்திலேயே வடிகட்டுக் கொள்ளளவி வையுங்கள்.

வெப்பநிலையையும் பாருங்கள். 27 பாகையில் சரியாக -20 டெசிபல் தந்த அதே 57 மில்லிவோல்ற்று, சிப் 85 பாகைக்குச் சூடானால் ஏறத்தாழ -17.3தான் தரும். கட்டுப்பாட்டு அழுத்தமும் தனி வெப்பநிலைக்கு நேர்விகித சமனாக ஏறும்படி செய்தால் இது தீரும். சாதாரண பயஸ் சுற்றுத்தான், ஆனால் முதல் வரைபடத்திலேயே இடம் விட்டிருக்க வேண்டும்.

இந்தச் சுற்றில் இரண்டு பொறிகள். ஒன்று, திருப்பல் நடப்பது மேலே. கீழ்த் திரான்சிற்றர் எந்த நய நிலையிலும் முழுச் சிக்னலையும் பார்க்கிறது. ஆகவே நயத்தைக் குறைத்ததால் உள்ளீட்டு நேர்த்தன்மை கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது வேண்டுமானால் எமிற்றரில் சிறு தடையியோ தூண்டியோ சேர்த்து, கொஞ்சம் நயத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். மற்றது கசிவு. வெளியீட்டுப் பக்கத் திரான்சிற்றரை மூடினாலும் அதன் ஒட்டுண்ணிக் கொள்ளளவுகள் வழியாக 28 கிகாஹேட்ஸ் ஊர்ந்து போகும். ஓர் எல்லைக்குக் கீழே நயம் இறங்க மறுக்கும், அந்த இடத்தில் கட்டமும் தாறுமாறாகத் திரும்பும். வேறுபாட்டுச் சுற்றாக (ஒன்றுக்கொன்று எதிரான இரு சிக்னல்களில் ஓடுவது) வரைந்து, வீணாகும் மின்னோட்டத்தை வழங்கலுக்கு அனுப்பாமல் எதிர் வெளியீட்டில் குறுக்காகச் சேர்த்தால் கசிவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அப்போது நயம் இரு பங்குகளின் வித்தியாசமாகும், மேலே போட்ட கணக்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இரைச்சல் சற்றுக் கூடும். ஆனால் எல்என்ஏ முன்னால் 20 டெசிபல் தருகிறது என்றால் அந்த விலை எனக்குச் சம்மதம்.

5. திரான்சிற்றரின் அளவு

இந்தப் பிடிகேயின் வேகத் திரான்சிற்றர் திறந்த பேஸில் தாங்கும் கலெக்டர்-எமிற்றர் அழுத்தம் சுமார் 1.6 வோல்ற்று. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் வழங்கல் அழுத்தத்தை இரண்டுக்கும் சரியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிறகு, மின்னோட்டத்தை மாற்றி மாற்றிக் கடவு மீடிறனையும் குறைந்தபட்ச இரைச்சலையும் ஒரே வரைபில் போடுங்கள். இரைச்சல் மிகக் குறைவாக இருக்கும் மின்னோட்டம், வேகம் உச்சமாக இருக்கும் மின்னோட்டத்தை விட நன்றாகக் குறைவு. எல்என்ஏக்கு முதலாவதன் பக்கம் போங்கள். விஜிஏக்கு இரண்டுக்கும் நடுவில், நேர்த்தன்மை பார்த்து.

6. சிமுலேஷன்: ஒவ்வொரு நய நிலையிலும்

என்ஜிஸ்பைஸில் இப்போது எஸ்-பரமீற்றர் பகுப்பாய்வு (எவ்வளவு சிக்னல் கடக்கிறது, எவ்வளவு தெறிக்கிறது என்ற கணக்கு) இருக்கிறது. உச்ச நயத்தில் ஓர் அழகான வரைபு வந்ததும் படமெடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்பத் தோன்றும். பொறுங்கள். கட்டுப்பாட்டு அழுத்தத்தை அதன் எல்லை முழுவதும் படிப்படியாக நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் நயம், கட்டம், இரு தெறிப்புகள், உறுதிக் காரணி (சுற்று தானாக அலையத் தொடங்குமா என்று காட்டும் எண்) எல்லாவற்றையும் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதுங்கள். பைதன் தெரிந்தால் அரை நாள் வேலை. உறுதிக் காரணியை 28இல் மட்டும் பார்க்காமல் சில மெகாஹேட்ஸிலிருந்து 100 கிகாஹேட்ஸுக்கு மேல் வரை பாருங்கள். அலைவு பெரும்பாலும் நீங்கள் பார்க்காத மீடிறனில், நீங்கள் பார்க்காத நய நிலையில்தான் கிளம்பும்.

வெப்பநிலை -40, 27, 85. மாதிரியின் வேகமான, மெதுவான மூலைகள். 1 டெசிபல் அமுக்கப் புள்ளிக்கு (சிக்னல் பலமாகி நயம் 1 டெசிபல் குறையும் இடம்) உள்ளீட்டு வலுவைக் கூட்டிக் கூட்டி நேரச் சிமுலேஷன் ஓட்ட வேண்டும். இதை வேகமாகக் கணக்கிடும் ஹார்மோனிக் பேலன்ஸ் முறை என்ஜிஸ்பைஸில் இல்லை. வேண்டுமானால் சைஸ் (Xyce) எனும் சிமுலேற்றரில் இருக்கிறது, அதுவும் இலவசம்.

7. லேஅவுட்

சுற்று முடிந்தால் பாதி முடிந்தது என்று நினைப்போம். உண்மையில் காற்பங்கு. 28 கிகாஹேட்ஸில் 200 பிக்கோஹென்றித் தூண்டியும் சுமார் 160 ஃபெம்ரோபரட் கொள்ளளவும் ஒத்திசையும். மெல்லிய உலோகக் கம்பி மைக்ரோமீற்றருக்கு ஒரு பிக்கோஹென்றிக்குக் கிட்ட. இணைப்புக் கம்பிகள் 40 மைக்ரோமீற்றர் கூடிவிட்டால் உச்சி 28இலிருந்து 25.6க்கு இறங்கிவிடும். விபரத்தாளில் எழுதிய 27-29 எல்லைக்கே வெளியே.

நிலத்தொடுப்பும் அப்படித்தான். 4 மில்லியம்பியரில் ஓடும் திரான்சிற்றரின் எமிற்றர் தடை 6.5 ஓம். நிலத்துக்குப் போகும் வழியில் 20 பிக்கோஹென்றி இருந்தால் அதுவே 3.5 ஓம் தடுக்கும். வேறுபாட்டுச் சுற்றை விடாதீர்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம்: சமச்சீராக வரைந்தால் நடுப்புள்ளி தானாகவே நிலமாகிவிடும். இடது பக்கத்தை வரைந்து வலது பக்கத்துக்குக் கண்ணாடிப் பிரதி எடுங்கள். கையால் இரண்டு தரம் வரைய வேண்டாம்.

தூண்டிகளை மேலேயுள்ள தடித்த இரு உலோகப் படைகளில் போடுங்கள். ஒவ்வொரு தூண்டியையும் அதன் இணைப்புக் கம்பிகளையும் சேர்த்தே ஓபன்இஎம்எஸில் ஓட்டி, கிடைக்கும் எஸ்-பரமீற்றர் கோப்பைச் சுற்றுக்குள் திரும்பக் கொண்டுவாருங்கள். பிறகு 6ஆம் படியின் ஸ்கிரிப்டை மீண்டும் ஓட்டுங்கள். உச்சி இறங்கியிருக்கும். தூண்டியைச் சிறிதாக்கித் திரும்பவும் ஓட்டுங்கள். இந்த வட்டத்துக்கு இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள். பல்கலைக்கழகக் கால அட்டவணையில் பெரும்பாலும் இரண்டு கிழமைதான் போட்டிருப்பார்கள்.

8. சிப் ஆக்குவதற்கு: காசும் காலமும்

பலருடைய வடிவமைப்புகளை ஒரே வேபரில், அதாவது சிலிக்கன் தட்டில், சேர்த்துத் தயாரிக்கும் ஓட்டங்களில் இடம் வாங்க வேண்டும். காசு கொடுத்து வாங்கினால் சதுர மில்லிமீற்றருக்குப் பல ஆயிரம் யூரோ. எங்கள் கணக்கில் சில மில்லியன் ரூபா. வீட்டுக்காசில் முடியாது.

திறந்த வடிவமைப்புகளுக்கு ஐஎச்பி நிறுவனம் ஜேர்மன் அரச நிதியில் இலவசமாக இடம் கொடுத்த ஓட்டங்கள் நடந்திருக்கின்றன. ஐஈஈஈயின் திண்மநிலைச் சுற்றுச் சங்கம் நடத்தும் சிப்பத்தோன் போட்டியும் மாணவர்களுக்கு ஒரு கதவு. இவற்றுக்கு விண்ணப்பிக்கத் தயாராக வைத்திருக்க வேண்டியவை: பொதுவில் திறந்த கிட்ஹப் களஞ்சியம், திறந்த உரிமக் கோப்பு, விதிமீறல் இல்லாத லேஅவுட், சுற்றும் லேஅவுட்டும் ஒன்றுதான் என்ற ஒப்பீட்டு அறிக்கை, சிமுலேஷன் முடிவுகளோடு ஒரு சிறு ஆங்கில அறிக்கை, எப்படி அளக்கப் போகிறீர்கள் என்ற திட்டம். கடைசியானது இல்லாமல் விண்ணப்பித்தால் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன்பே லேஅவுட்டை முடியுங்கள். உலோக அடர்த்தி விதிகள் கடைசிக் கிழமையில்தான் கழுத்தைப் பிடிக்கும். அனுப்பிய பிறகு சிப் கைக்கு வர அரை வருடமாவது ஆகும். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குள் சிப் வந்து அளந்து எழுதலாம் என்று மேற்பார்வையாளரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

9. அளவீடு

28 கிகாஹேட்ஸ் வரை எஸ்-பரமீற்றர் அளக்கும் வலையமைப்புப் பகுப்பாய்வி, நுண்ணோக்கியோடு ஆய்முனை மேசை, நிலம்-சிக்னல்-நிலம் ஆய்முனைகள். முழுத் தொகுதி கோடிக்கணக்கில். ஓர் ஆய்முனையே இலட்சக்கணக்கான ரூபா, ஒரு தரம் தவறி அழுத்தினால் போச்சு. ஆகவே வைத்திருக்கும் ஆய்வுகூடம் ஒன்றோடு, சிப் அனுப்பும் முன்பே மின்னஞ்சலில் பேசி வையுங்கள். அவர்களது ஆய்முனையின் இடைவெளி 100 மைக்ரோமீற்றரா 150ஆ என்று கேட்டு, அதற்கேற்பத்தான் சிப்பின் தொடுதிண்டுகளை வரைய வேண்டும். வேறுபாட்டுச் சுற்று என்றால் அவர்களிடம் நான்கு முனையப் பகுப்பாய்வி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் சிப்பிலேயே பாலன் ஒன்று, அதாவது வேறுபாட்டுச் சிக்னலை ஒற்றைச் சிக்னலாக மாற்றும் பகுதி, வைக்க வேண்டும். நான் எழுதிக் கேட்ட ஓர் ஆய்வுகூடம் கடைசிவரை பதில் போடவில்லை. இரண்டு மூன்று இடங்களுக்கு ஒரே நேரத்தில் எழுதுவது புத்தி.

காத்திருக்கும் நேரத்தில் கை பழக ஒரு நானோவிஎன்ஏ, அதாவது கையடக்க வலையமைப்புப் பகுப்பாய்வி, உதவும். அதன் மீடிறன் எல்லை மிகக் குறைவு, ஆனால் திறந்த-குறுக்கு-சுமை அளவுத்திருத்தம், ஸ்மித் வரைபு, கேபிள் அசைந்தால் கட்டம் எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் அதிலேயே படியும்.

அளக்கும் நாளில், அளவுத்திருத்தம் செய்ய முன்பே பகுப்பாய்வியின் வெளியீட்டு வலுவை -30 டிபிஎம் அளவுக்கு இறக்குங்கள். பல கருவிகள் 0 டிபிஎம்முக்குக் கிட்டத்தான் தொடங்கும். அந்த வலுவில் உங்கள் விஜிஏ ஏற்கெனவே அமுங்கிப்போயிருக்கும், கட்டுப்பாட்டு அழுத்தத்தை எவ்வளவு திருகினாலும் நயம் சிமுலேஷனோடு ஒத்துவராது.